பழைய ஐடி பிரிவைப் புதுப்பிப்பது எப்படி? எல்லையோரக் கம்பெனிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லைக்குள் கஞ்சிக்கோடு, புதுசேரி, வாளையாறு, தமிழ்நாட்டுப் பக்கம் எட்டிமடை, மதுக்கரை வரை இருக்கும் நடுத்தர உற்பத்திக் கம்பெனிகளின் ஐடி பிரிவுகளில்தான் என் வேலை. எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. முதலாளி ஒரு விதமாகக் கேட்பார், அக்கவுண்ட்ஸில் வேறு விதமாகக் கேட்பார்கள், இருபது வருடமாக அங்கேயே இருக்கும் சிஸ்டம் அட்மின் டீ குடிக்கும்போது தனியாகக் கேட்பார். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

எல்லாம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, எதுக்குங்க மாத்தணும்?

ஓடுவது உண்மைதான். ஆனால் எதன் மேல் ஓடுகிறது என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்கும் சர்வர் 2008 ஆர்2-வுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. சர்வர் 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. அந்தத் தேதிக்குப் பிறகு அதில் புதிதாகப் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், தனியாகப் பணம் கட்டி நீட்டித்தவர்களுக்குத்தான் அதை மூடும் அடைப்பு (பேட்ச்) கிடைக்கும். மற்றவர்களின் மெஷினில் ஓட்டை அப்படியே இருக்கும், அது இருப்பது ஊருக்கே தெரிந்தும் இருக்கும்.

சட்டமும் நெருக்குகிறது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான எந்த நிறுவனமும் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எந்த வவுச்சரை எப்போது திருத்தினார் என்ற பதிவு தானாக நிற்கிற கணக்கு சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பதிவை அணைத்து வைக்கவும் முடியக் கூடாது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதிய உள்ளூர் சாஃப்ட்வேரில் இது இருக்காது. ஆடிட்டர் தன் அறிக்கையில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் முதல் ஈ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்) கட்டாயம். அதை எக்ஸெல்லில் கையால் ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவை இரண்டையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒரே ஒருவர் ஒரு வாரம் லீவு போட்டால் டிஸ்பேட்ச் நிற்கிறது என்றால், அந்தக் கம்பெனியின் ஐடி அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. புதுப்பிப்பது என்று நான் சொல்வது, முதலில் அதை அங்கிருந்து எடுத்து எல்லோருக்கும் பொதுவாக்குவதைத்தான். மெஷின் வாங்குவது அதற்கடுத்த வேலை.

எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. எங்க ஐடி எவ்வளவு பழசுன்னு நானே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைக் கடைசியாக எப்போது திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள் என்று உங்கள் ஐடி ஆட்களைக் கேளுங்கள். கடைசியாக வேலையை விட்டுப் போனவரின் லாகின் மூடியாயிற்றா என்று கேளுங்கள். எந்த கேபிள் எந்த நெட்வொர்க் ஸ்விட்சுக்குப் போகிறது என்று வரைந்த தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றுக்கும் “பார்த்துச் சொல்றேன் சார்” என்றே பதில் வந்தால் வேலை நிறைய இருக்கிறது. கேட்கும்போது குற்றம் சாட்டும் குரல் வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் யாரும் நேரமும் கொடுக்கவில்லை, காசும் கொடுக்கவில்லை.

அப்போ எங்கிருந்து ஆரம்பிக்கிறது? புது சர்வர் ஒண்ணு வாங்கிடலாமா?

வேண்டாம். முதல் மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வேலை இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு கேட்டிலிருந்து கேன்டீன் வரை நடந்து, ஒவ்வொரு மெஷினையும் எழுதுங்கள்: எந்த இடம், எந்த வருடத்து மெஷின், என்ன விண்டோஸ், லைசென்ஸ் உண்டா, அதில் என்ன வேலை நடக்கிறது, அது நின்றால் யார் முதலில் சத்தம் போடுவார்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் எதை முதலில் தொட வேண்டும் என்று சொல்லும்.

இப்படி நடந்தால்தான் யாருக்கும் தெரியாத விஷயங்கள் வெளியே வரும். ஸ்டோர்ஸில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய எட்டு போர்ட் ஹப். லேபில் லைசென்ஸ் இல்லாத விண்டோஸ். ஹெச்ஆர் ஷேர் ஃபோல்டரில் எல்லாத் தொழிலாளியின் ஆதார் நகலும், யார் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி. கடைசியாகச் சொன்னதை அன்றைக்கே மூடுங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

விண்டோஸ் 11 போட முடிகிற மெஷின் எது, முடியாதது எது என்று பிரிக்கவும் இந்த நோட்டு போதும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது 2017-க்கு முன்னால் வாங்கியவை அநேகமாகத் தேறாது.

சர்வர் ரூம்ல ஏசி ஓடுது, யூபிஎஸ் இருக்கு. அங்க என்ன பிரச்சனை வரப்போகுது?

இந்தப் பக்கத்தில் இடி. சித்திரை, வைகாசியில் கோடை மழையோடும், ஐப்பசியில் துலா மழையோடும் வரும் இடியில்தான் ஸ்விட்ச் போர்ட்டுகளும் மோடமும் போகின்றன. ஷெட்டுக்கு ஷெட் காப்பர் நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தால் அது இடியை நேராக சர்வருக்குக் கொண்டுவரும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஃபைபர் மட்டும்தான். எர்த் குழியை வருடத்துக்கு ஒரு முறையாவது சோதியுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். யூபிஎஸ் பேட்டரிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் ஆயுள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

தண்ணீரும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலக்காடு நகரத்தின் தாழ்ந்த இடங்களில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. அப்படியிருந்தும் ராக்கின் அடித்தட்டில், தரையை ஒட்டி சர்வரை வைத்திருக்கிறார்கள். இரண்டடி மேலே தூக்குங்கள், ஏசி சொட்டும் இடத்துக்கு நேர் கீழே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் பேக்கப் எடுக்கிறோமே, அது போதாதா?

எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான இடத்தில் சர்வரிலேயே நிரந்தரமாகச் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுக்கிறார்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் சர்வரோடு சேர்த்து அந்த டிஸ்க்கையும் பூட்டிவிட்டுப் போகும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களும் மாட்டின, வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகமும் மாட்டியது. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போட்டிருந்த மெஷின்கள் தப்பித்தன.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இது பழைய விதி, இன்றும் சரியான விதி. அதோடு ஒரு பிரதி நெட்வொர்க்கில் தொடாமல் கழற்றி வைத்ததாக இருக்கட்டும். எல்லைக்கு இருபுறமும் யூனிட் இருப்பவர்களுக்கு ‘வேறு இடம்’ சுலபம். கஞ்சிக்கோட்டு பேக்கப் மதுக்கரையில், மதுக்கரை பேக்கப் கஞ்சிக்கோட்டில். கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று கம்பெனி கணக்கு விதியே சொல்கிறது, எட்டு வருடக் கணக்கையும் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். மாதத்தில் ஒரு நாள், வேறு மெஷினில், ஒரு முழு டேட்டாபேஸைத் திரும்ப ஏற்றி, அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு நேற்றைய பில்லைத் தேடச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். விபத்து நடக்கும் நாளில் எம்.டி. கேட்கும் முதல் கேள்விக்கு அந்த எண்தான் பதில்.

வே பிரிட்ஜ் (லாரி எடை மேடை) கம்ப்யூட்டர்ல பழைய விண்டோஸ் எக்ஸ்பி ஓடுது. தொட்டா நின்னுடும்னு வெண்டர் சொல்றாரு. என்ன பண்ண?

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எடை இண்டிகேட்டரிலிருந்து ஒன்பது பின் சீரியல் கேபிள் வருகிறது, புது மெஷினில் அந்த போர்ட்டே இல்லை. ஆனால் இண்டிகேட்டர் அனுப்புவது வெறும் எழுத்து வரிதான். நல்ல யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் வழியாக, பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) சரியாக வைத்தால், புது மெஷினும் படிக்கும். ஷிஃப்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒரு லேப்டாப்பில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாற்றவே முடியவில்லை என்றால் அடைத்து வையுங்கள். அந்த மெஷினை மேனேஜ்டு ஸ்விட்சில் தனி விலானில் (மற்ற மெஷின்களிலிருந்து பிரித்த தனி நெட்வொர்க்) போட்டு, இன்டர்நெட்டை வெட்டி, எடைச் சீட்டு போகும் ஒரே ஒரு வழியை மட்டும் ஃபயர்வாலில் திறந்து விடுங்கள். யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவ் செருக முடியாமல் செய்யுங்கள். ராத்திரி ஷிஃப்டில் லாரி டிரைவர் போனை சார்ஜ் போடுவதும் அதில்தான். பாய்லர், சிஎன்சி மெஷின்களோடு வந்த பழைய கம்ப்யூட்டர்களுக்கும் இதே வழி.

எங்க சாஃப்ட்வேரை ஃபாக்ஸ்ப்ரோவுல எழுதினவர் ரிட்டயர் ஆகப் போறாரு. அவரு போனா அவ்வளவுதானா?

அவர் போவதற்கு முன்னால் அவரோடு உட்காருவதுதான் இந்த முழுப் பட்டியலிலும் அவசரமான வேலை. மைக்ரோசாஃப்டின் பழைய டேட்டாபேஸ் மொழியான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 2015 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஒரு டேபிள் 2 ஜிபியைத் தொட்டால் அதற்கு மேல் எழுதவும் முடியாது. ஆகவே சாஃப்ட்வேர் போகத்தான் போகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் விதிகள் கம்பெனியின் சொத்து.

ஓர் உதாரணம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு நகர்ந்தால் ஈ-வே பில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின் சீட்டு) வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கஞ்சிக்கோட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) காஸ்டிங் அனுப்பினால், மாநிலம் தாண்டுவதால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டும். இதை அவர் புரோகிராமில் ஒரு வரியாகப் போட்டிருப்பார், இல்லாவிட்டால் டிஸ்பேட்ச் கிளார்க் வாய்மொழியாக வைத்திருப்பார். புது சாஃப்ட்வேர் போட வரும் சென்னைக்காரருக்கோ கொச்சிக்காரருக்கோ இது தெரியாது. முதல் வாரமே லாரி வாளையாற்றில் நிற்கும்.

எனவே கோட் படிக்கச் சொல்லாதீர்கள், கதை சொல்லச் சொல்லுங்கள். “இந்த ஸ்கிரீன் எதுக்கு? இந்தக் கட்டத்துல ‘எக்ஸ்’ போட்டா என்ன ஆகும்? மார்ச் மாசம் மட்டும் ஏன் இந்த மெனு?” பக்கத்தில் ஓர் இளையவர் உட்கார்ந்து எழுதட்டும், பெரியவர் படித்துத் திருத்தட்டும். ரிட்டயர் ஆன பிறகும் மாதம் சில நாள் வரும்படி மரியாதையான சம்பளத்தில் கூப்பிடுங்கள். இத்தனை வருடம் கம்பெனியைத் தாங்கியவருக்கு அது செய்ய வேண்டியதும்கூட.

ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாம் சேர்ந்த சாஃப்ட்வேர்) வாங்கணுமா, இல்ல நாமளே எழுதிக்கலாமா?

கணக்கு, ஜிஎஸ்டி, சம்பளம் மூன்றையும் எழுதாதீர்கள். சட்டம் மாறும்போதெல்லாம் திருத்திக் கொடுக்க உங்களிடம் ஆள் இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள். உற்பத்தியில் உங்களுக்கே உரிய ஒரு முறை இருந்தால், அதை மட்டும் சின்னதாக எழுதி இணைக்கலாம். டேலியே போதும் என்ற அளவில் இருக்கும் கம்பெனிக்குப் பெரிய ஈஆர்பி சுமைதான். திறமூல ஈஆர்பிக்கு லைசென்ஸ் செலவு குறைவு, ஆனால் போடுவதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் ஆள் வேண்டும்.

எதை வாங்கினாலும் ஐட்டம் மாஸ்டரை (பொருள்களின் மூலப் பட்டியலை) சுத்தம் செய்யாமல் ஏற்றாதீர்கள். பழைய டேட்டாவில் ‘6205 பேரிங்’, ‘பேரிங் 6205’, ‘பேரிங் 6205 இசட்இசட்’, ‘பேரிங் 6205 டூஆர்எஸ்’ என்று நான்கு பெயர் இருக்கும். கம்ப்யூட்டர் படித்தவர் நான்கையும் ஒன்றாக்கிவிடுவார். ஸ்டோர்ஸில் இருப்பவருக்குத்தான் இசட்இசட் என்றால் இரும்பு மூடி, டூஆர்எஸ் என்றால் ரப்பர் சீல், தூசி பறக்கும் இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது என்று தெரியும். இந்த வேலைக்கு ஸ்டோர்ஸ் ஆளை இரண்டு மாதம் பாதி நேரம் விடுவியுங்கள். ஈஆர்பி திட்டங்கள் கெடுவதை நான் பார்த்த இடங்களில் எல்லாம் பட்ஜெட்டில் இந்த வேலைக்கு வரியே இல்லை.

கஞ்சிக்கோட்டுலயும் மதுக்கரையிலயும் யூனிட் இருக்கு. ரெண்டுக்கும் தனித்தனி சாஃப்ட்வேர்தானே நல்லது?

முன்னால் அப்படி ஓட்டியிருக்கலாம். ஜிஎஸ்டி வருவதற்கு முன் எஃப் ஃபாரம் போட்டு, விற்பனை வரி இல்லாமல், ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் என்று அனுப்பினோம். 2017 ஜூலைக்குப் பிறகு 32-ல் தொடங்கும் கேரள ஜிஎஸ்டி பதிவும் 33-ல் தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி நபர்கள். சொந்த யூனிட்டுக்கே அனுப்பினாலும் டாக்ஸ் இன்வாய்ஸ், ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஜிஎஸ்டி), ஈ-வே பில் எல்லாம் உண்டு.

இங்கே போட்ட இன்வாய்ஸ் அங்கே கொள்முதலாகத் தானே ஏற வேண்டும். கையால் திரும்ப அடித்தால் மாதக் கடைசியில் இரண்டு பக்கக் கணக்கும் சேராது. ஆகவே ஒரே சிஸ்டம், இரண்டு பதிவு.

எல்லாத்தையும் கிளவுடுக்குக் கொண்டு போயிட்டா தலைவலி விட்டுடும்ல?

மெயில், வருகைப் பதிவு, ஹெச்ஆர், பேக்கப்பின் ஒரு பிரதி ஆகியவை போகலாம். வே பிரிட்ஜ், கேட் பாஸ், உற்பத்தி லைனில் பார்கோடு படிப்பது ஆகியவை உள்ளேயே இருக்கட்டும். ரோட்டு வேலையில் ஜேசிபி ஒரு கொத்து கொத்தினால் ஃபைபர் போகும், சாயங்காலம் வரை வராது. இரண்டு இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே கம்பத்தில் வராமல் பாருங்கள். ஒன்று ஃபைபர், மற்றது ரேடியோ லிங்க் அல்லது 5ஜி. எல்லைப் பக்கத்தில் போன் ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பதால், சிம் ரவுட்டரை எந்த ஜன்னலில் வைப்பது என்று சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

எனக்கு ஐம்பத்திரண்டு ஆச்சு. இனிமே இதெல்லாம் என் மண்டையில ஏறுமா சார்?

ஏறும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஃபாக்ஸ்ப்ரோவில் செலக்ட், ஃப்ரம், வேர் என்று எழுதியவருக்கு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி) பாதி தெரிந்ததுதான். டேபிள், இண்டெக்ஸ், கீ எல்லாம் அதே. அவர் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸைக் கற்றுக்கொண்டால், புதிதாகப் படித்து வந்தவரைவிட நல்ல ரிப்போர்ட் எழுதுவார். எந்த எண் தவறாக இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லும் கண் அவருக்கு மட்டும்தான் இருக்கிறது. கிரிம்பிங் டூல் பிடித்துக் கேபிள் போட்டவருக்கு விலானும் மேனேஜ்டு ஸ்விட்சும் அடுத்த படி. இன்னும் ‘ஈடிபி’ (கம்ப்யூட்டர் பிரிவின் பழைய பெயர்) என்று போர்டு தொங்கும் அறையில் டேட்டா என்ட்ரி செய்தவர்தான், மேலே பேரிங் விஷயத்தில் சொன்ன மாஸ்டர் டேட்டா வேலைக்குப் பொருத்தமானவர்.

ஏறாமல் போவதற்குக் காரணம் வயது அல்ல, பயம். இளையவர்கள் முன்னால் தடுமாறினால் மரியாதை போய்விடுமோ என்ற பயம். அதனால் பயிற்சி வகுப்பில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பரீட்சை வைக்காதீர்கள். கழித்துப்போட்ட பழைய சர்வர் ஒன்றில் இலவச விர்ச்சுவல் மெஷின் சாஃப்ட்வேர் போட்டு, “இதை உடைச்சாலும் பரவாயில்லை” என்று கொடுங்கள். லைவ் சர்வரில் கை வைக்க நடுங்குபவர் அதில் பத்து தடவை கெடுத்துப் பத்து தடவை சரி செய்வார். வாரத்தில் நான்கு மணி நேரம், வேலை நேரத்துக்குள், ஷிஃப்ட் சார்ட்டிலேயே எழுதி ஒதுக்குங்கள். வீட்டில் போய்ப் படியுங்கள் என்று சொன்னால் நடக்காது. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடங்கள் இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம்; அதைக் கம்பெனி கட்டட்டும்.

ட்ரெயினிங் குடுத்தா கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ ஓடிடுறாங்க. பாண்ட் எழுதி வாங்கலாமா?

பாண்டு ஆளை உட்கார வைக்கும், வேலை செய்ய வைக்காது. போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று பாருங்கள்: கற்றதைப் பயன்படுத்த இடமில்லை, பதவிப் பெயர் ‘ஆபரேட்டர்’ என்றே இருக்கிறது, சம்பளம் மாறவில்லை. பயிற்சி முடித்தவருக்கு மூன்று மாதத்துக்குள் அது சம்பந்தமான ஒரு பொறுப்பும் கொஞ்சம் சம்பள உயர்வும் கொடுங்கள்.

இன்னொரு வழி, ஊர்க்காரர்களை எடுப்பது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துப் பாலிடெக்னிக், டிகிரிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போவது பெரிய விஷயம். அவர்கள் சீக்கிரம் போக மாட்டார்கள். இதே எல்லையின் தெற்கே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. பெரிய நகரத்தில்தான் ஆள் கிடைப்பார்கள் என்பதை நான் ஏற்கவில்லை.

புதுசா வந்த பசங்களும் பழைய ஆளுங்களும் ஒட்டவே மாட்டேங்கிறாங்க. என்ன செய்யறது?

ஒட்டச் சொல்லி மீட்டிங் போடுவதால் ஒட்ட மாட்டார்கள், ஒரே வேலையை இருவருக்கும் கொடுத்தால் ஒட்டுவார்கள். கேரள அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைக்கு லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச சிஸ்டம்) பழக்கம். 2001-ல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்ற பெயரில் நடக்கும் அரசுத் திட்டத்தில் கற்றது அது. பழைய சேட்டனுக்கோ அண்ணனுக்கோ கம்பெனி பழக்கம். பேக்கப் சர்வரை லினக்ஸில் அமைக்கும் வேலையை இருவர் பெயரிலும் போடுங்கள்.

குறிப்பு எழுதுவதில் மொழிப் பிரச்சனை வரும். ஒருவர் மலையாளத்தில் எழுதுவார், ஒருவர் தமிழில், வெண்டர் ஆங்கிலத்தில். ஐடி அறைக்குள் எளிய ஆங்கிலமும் ஸ்கிரீன்ஷாட்டும் போதும். ஷாப் ஃப்ளோரில் ஒட்டும் தாள் மட்டும் தமிழ், மலையாளம் இரண்டிலும் இருக்க வேண்டும், அதைத் தொழிலாளி ஒருவரிடம் படிக்கக் கொடுத்துச் சரிபார்த்த பிறகு ஒட்டுங்கள்.

யூனியன் விடுமா?

மறைத்துச் செய்தால் விடாது. தொழில்நுட்ப மாற்றத்தால் ஆட்குறைப்பு வரக்கூடும் என்றால் 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது இது, 2020-ம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆட்குறைப்பு நோக்கமே இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். யாருக்கு என்ன புது வேலை, என்ன பயிற்சி என்று பெயர் போட்டுக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். நான் இருந்த பேச்சுகளில் யூனியன் தலைவர்கள் கேட்டது சாஃப்ட்வேரைப் பற்றி இல்லை, தேர்ச்சி பெறாதவர் கதி என்ன என்றுதான். அதற்குப் பதில் இல்லாமல் போய் உட்காராதீர்கள்.

எம்.டி. செலவுன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. எப்படிப் புரிய வைக்கிறது?

சர்வர் விலையைச் சொல்லாதீர்கள், நிற்கும் நேரத்தின் விலையைச் சொல்லுங்கள். ஒரு ஷிஃப்ட் டிஸ்பேட்ச் நின்றால் எத்தனை லாரி, என்ன மதிப்பு, வெயிட்டிங் சார்ஜ் என்ன, வாடிக்கையாளர் பிடித்தம் என்ன என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு வாங்குங்கள். ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். பில் போட்டபின் சிஸ்டம் படுத்து லாரி நின்றால் அந்த நாளும் ஓடுகிறது. பேக்கப் சோதனையில் எழுதி வைத்த நேரத்தை இதோடு பெருக்கிக் காட்டுங்கள்.

பிறகு மொத்தத்தையும் ஒரே கோட்டேஷனாக நீட்டாமல் மூன்று வருடமாகப் பிரியுங்கள். முதல் வருடம் பேக்கப், ஃபயர்வால், ஆதரவு முடிந்த சர்வர், பயிற்சி. ஈஆர்பி இரண்டாம் வருடம். பயிற்சியை எந்தக் காரணத்துக்கும் மூன்றாம் வருடத்துக்குத் தள்ள விடாதீர்கள்.

புது சிஸ்டத்துக்கு எந்த நாள்ல மாறுறது நல்லது?

மார்ச் 31 வேண்டவே வேண்டாம், எல்லோரும் கணக்கு முடிக்கும் நேரம். ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் டிஸ்பேட்ச் தலைக்கு மேல் இருக்கும். பொங்கல் லீவு தமிழ்நாட்டு யூனிட்டுக்கு உண்டு, கேரள யூனிட் அன்று பெரும்பாலும் ஓடும்; ஒரு பக்கம் ஆள் இல்லாமல் மாற முடியாது. ஸ்டாக் எண்ணி முடித்த ஒரு மாதத்தின் முதல் தேதி, நடுவில் பண்டிகை இல்லாததாகப் பாருங்கள். அதற்கு முன் ஒரு முழு மாதம் பழையதிலும் புதியதிலும் இரட்டையாக அடித்து, மாதக் கடைசியில் ஸ்டாக்கும் வரியும் சேர்ந்தால் மட்டும் மாறுங்கள். சேராவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். வெண்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அட்மின் பாஸ்வேர்டு எல்லாம் போன வருஷம் போன ஒருத்தர்கிட்டதான் இருக்கு. போன் எடுக்க மாட்டேங்கிறாரு.

முதலில் சண்டை வேண்டாம். ஹெச்ஆர் மூலம் மரியாதையாகக் கேளுங்கள். பாக்கி செட்டில்மென்ட் இருந்தால் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். பல நேரம் அங்கேதான் முடிச்சு. கிடைக்காவிட்டால், சர்வரையும் ஸ்விட்சையும் நேரில் இருந்து ரீசெட் செய்துவிடலாம். கடினமானது கம்பெனியின் டொமைன் பெயர் அவருடைய சொந்த மெயிலில் பதிவாகியிருப்பதும், ஈ-வே பில் தளத்தின் ஓடிபி பழைய அக்கவுண்டன்ட் மொபைலுக்குப் போவதும்தான். ஈ-வே பில் தளத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் கட்டாயம் என்பதால், அந்த எண்ணை இன்றே மாற்றுங்கள்.

இனிமேலுக்கு: அட்மின் கணக்குகள் தனி நபர் பெயரில் இல்லாமல் பதவிப் பெயரில். பாஸ்வேர்டுகள் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில். அதன் சாவி சீல் வைத்த கவரில் கம்பெனி லாக்கரில்.

பேசாம ஐடியை மொத்தமா வெளியாளுக்குக் குடுத்துட்டா?

நெட்வொர்க் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு), ஃபயர்வால் கண்காணிப்பு, பிரிண்டர் ஆகியவற்றைக் கொடுக்கலாம். யாருக்கு எந்த அனுமதி என்ற முடிவு, மாஸ்டர் டேட்டா, பேக்கப்பின் சாவி மூன்றையும் கொடுக்காதீர்கள். ஃபாக்ஸ்ப்ரோ கேள்வியில் சொன்ன விதிகள் தெரிந்த ஒருவராவது கம்பெனி சம்பளத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரத்தில் ஆள் நேரில் வருவார் என்று எழுதுங்கள். கொச்சியிலிருந்து வர மூன்று மணி நேரம் ஆகும். கோயம்புத்தூர்க்காரர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். ஒப்பந்தம் முடிந்தால் டேட்டாவையும் பாஸ்வேர்டையும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

நாளைக்கே வைரஸ் அடிச்சு எல்லாம் பூட்டிக்கிச்சுன்னா முதல்ல என்ன செய்யணும், யாருக்குச் சொல்லணும்?

நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். மெஷினை அணைக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். எப்படி நுழைந்தது என்ற தடயம் அதில்தான் இருக்கிறது. கழற்றி வைத்த பேக்கப் டிஸ்க்கை, மெஷின் சுத்தம் என்று உறுதியாகும் வரை எதிலும் செருகாதீர்கள்.

தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ம் தேதி உத்தரவு. 180 நாள் லாக் (சிஸ்டத்தில் யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஃபயர்வால் வாங்கும்போதே அத்தனை நாள் லாக் எங்கே சேரும் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ உடனே கூப்பிடுங்கள். இந்த எண், வெண்டரின் எண், ஆடிட்டரின் எண், மற்ற யூனிட் ஐடி ஆளின் எண் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி செக்யூரிட்டி அறையில் ஒட்டி வையுங்கள். கம்ப்யூட்டரில் வைத்தால் அன்றைக்கு அதுவும் பூட்டியிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு இதை முதலில் பார்ப்பவர் வாட்ச்மேனாகத்தான் இருப்பார், அதனால் கேபிளை எங்கே உருவ வேண்டும் என்பதை அவருக்கும் ஒரு முறை நேரில் காட்டிவிடுங்கள்.